குதிருக்குள் இருந்தது யார்? அமெரிக்க மாநிலக் காப்பீட்டு ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒரு பாலிசிதாரன் எழுதுவது. தமிழில் எழுதுவதால் உங்களில் எவரும் இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். படிக்கப்போவது என் ஆட்கள். உங்கள் மாநிலங்களில் குடியிருந்துகொண்டு, மாதாமாதம் தவறாமல் பிரீமியம் கட்டிக்கொண்டு, அந்தப் பணத்துக்குக் காவல் யார் என்று ஒரு நாளும் விசாரிக்காதவர்கள். ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்குச் சொல்கிற ஜாடைப் பேச்சு எங்களுக்குப் புதிதில்லை.

2008 செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை இரவு. முந்தின நாள்தான் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால் மனு போட்டிருந்தது. அன்றிரவு ஏ.ஐ.ஜி. என்ற பெரிய காப்பீட்டுக் குழுமத்துக்கு, நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 8,500 கோடி டாலர் கடன் கொடுக்கிறது, பதிலுக்குக் கம்பெனியில் 79.9 சதவீதப் பங்கு அரசாங்கத்துக்கு என்று டி.வி.யில் செய்தி ஓடியது. என் மனைவி அலமாரி மேலிருந்த நீல நிற டேனிஷ் பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். பாஸ்போர்ட், மகளின் பிறப்புச் சான்றிதழ், அதற்கடியில் 2006இல் மகள் பிறந்தபோது நான் எடுத்த இருபது வருட டெர்ம் பாலிசி (அந்தக் காலத்துக்குள் செத்தால்தான் பணம், இல்லையென்றால் கட்டியது போனதுதான்). எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். "நம்ம கம்பெனியும் போயிடுமா?" என்றாள். கணக்கு எழுதுகிறவன்தானே, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அந்த வாரமே சென்னையிலிருந்து தங்கை போன் செய்தாள். அவளிடம் ஒரு டாடா ஏ.ஐ.ஜி. பாலிசி இருந்தது. அங்கே அப்போது வெளிநாட்டுக் கம்பெனி 26 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்க முடியாது, மேற்பார்வைக்கு ஹைதராபாத்தில் ஒரு ஆணையம் உண்டு. அதைச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினேன். "சரி அண்ணா, அங்கே உனக்கு யாரு?" என்று கேட்டாள். அதற்குப் பதில் தேட ஆரம்பித்ததுதான் இந்த மடலின் பூர்வாசிரமம்.

மறுநாள் எனக்கு பாலிசி விற்ற ஏஜென்டைக் கூப்பிட்டேன். தமிழர், பொங்கல் விழாவில் அறிமுகமானவர். கம்பெனி மூழ்கினால் மாநிலத்தில் ஏதோ உத்தரவாத நிதி இருக்கிறதாமே, எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். மனிதர் நெளிந்தார். "சார், அதைப் பத்தி நாங்க பேசக் கூடாது. லைசென்ஸ் போயிடும்." முதலில் நம்பவில்லை. அப்புறம் பார்த்தால், உத்தரவாத நிதி இருக்கிறது என்று சொல்லி பாலிசி விற்கக் கூடாது என்பது பெரும்பாலான மாநிலங்களில் சட்டமாகவே இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு அஞ்சி, ஏற்கெனவே வாங்கிவிட்டவன் கேட்டால்கூட அவர்கள் வாயைத் திறப்பதில்லை. வங்கி வாசலில் வைப்புத்தொகைக் காப்பீட்டின் முத்திரையைப் பெரிதாக ஒட்டி வைக்கிற அதே நாட்டில்தான் இது. காரணமும் சொல்கிறீர்கள்: உத்தரவாதம் இருக்கிறது என்று தெரிந்தால் ஜனங்கள் கம்பெனியின் பலத்தைப் பார்க்காமல் வாங்கிவிடுவார்களாம். எந்தப் பாலிசிதாரன் ஐயா கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு வாங்குகிறான்? கணக்கு எழுதுகிற நானே படிக்கவில்லை.

உங்கள் பூர்வகதையையும் கொஞ்சம் பார்த்தேன். 1869இல் உச்ச நீதிமன்றம் காப்பீடு மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே இல்லை என்றது. 1944இல் அதே நீதிமன்றம் ஆமாம், வணிகம்தான் என்றது. மறு வருடமே நாடாளுமன்றம் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டத்தைப் போட்டு, காப்பீட்டை மேற்பார்க்கும் வேலையை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. என்னை நிறுத்தியவர் எலிஸர் ரைட்.

கணிதப் பேராசிரியர், அடிமை ஒழிப்புக்காரர். 1844இல் லண்டனுக்குப் போனவர், ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் ஏலம் ஒன்றைப் பார்க்கிறார். பிரீமியம் கட்ட முடியாமல் போன கிழவர்களின் ஆயுள் பாலிசிகள் ஏலத்தில் போகின்றன. எடுக்கிறவனுக்கு அந்தக் கிழவர் எவ்வளவு சீக்கிரம் சாகிறாரோ அவ்வளவு லாபம். சொந்த நாட்டில் மனிதரை ஏலம் போடுவதை எதிர்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்? ஊர் திரும்பி, ஒவ்வொரு பாலிசிக்கும் எந்த வருடத்தில் எவ்வளவு பணம் கம்பெனி கையில் இருந்தாக வேண்டும் என்று அட்டவணை அட்டவணையாகக் கணக்குப் போட்டார். 1858இல் மாசசூசெட்ஸ் அதைச் சட்டமாக்கி, அவரையே ஆணையராகவும் போட்டது. கணக்குப் போட்டுப் போட்டு அலுத்து, அதற்கென்று ஒரு எந்திரமும் செய்தார். 1861இல் அவர் முயற்சியில் வந்த இன்னொரு சட்டம், பிரீமியம் நின்றுபோனால் அதுவரை கட்டியது மொத்தமும் கம்பெனிக்கே என்ற வழக்கத்துக்கு முடிவு கட்டியது. உங்கள் பதவியின் மூலவர் இவர்தான். வாஷிங்டன் இந்தத் துறையைத் திரும்பிப் பார்க்காத காலத்தில் ஒரு மாநிலத்து மனிதர் செய்த வேலை. மாநில மேற்பார்வை இருக்கட்டும் என்று நான் நினைப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

இனி 2008. அந்த வருடத்தைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. நாடாளுமன்றக் குழுக்களின் முன்னாலும் அதையே சொன்னீர்கள். ஏ.ஐ.ஜி.யை வீழ்த்தியது காப்பீடு இல்லை; லண்டனிலும் கனெக்டிகட்டின் வில்டனிலும் இருந்த ஏ.ஐ.ஜி. ஃபைனான்ஷியல் புராடக்ட்ஸ் என்ற ஒரு சின்னப் பிரிவு. அது விற்ற கிரெடிட் டீஃபால்ட் ஸ்வாப் (கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் நட்டத்தை நான் ஈடுகட்டுகிறேன் என்ற) ஒப்பந்தங்களின் முகமதிப்பு 40,000 கோடி டாலருக்கு மேல். அந்தக் குழுமத்தை ஒட்டுமொத்தமாக மேற்பார்க்க வேண்டியது ஃபெடரல் அரசின் சேமிப்பு வங்கிக் கண்காணிப்பு அலுவலகம். எங்கள் கையில் இருந்த 71 காப்பீட்டுக் கம்பெனிகளும் கல்லாக நின்றன, பாலிசிதாரன் பணத்தைச் சுற்றி நாங்கள் கட்டிய மதிலை யாராலும் தாண்ட முடியவில்லை. இதுதான் கதை.

இதில் பெரும்பகுதி உண்மை, மறுக்கவில்லை. ஏ.ஐ.ஜி. ஒரு சின்னச் சேமிப்பு வங்கியை வைத்திருந்தது. அந்த ஒரு காரணத்தால், நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் கடை விரித்திருந்த குழுமத்துக்கு வீட்டுக் கடன் வங்கிகளைப் பார்க்கும் அலுவலகம் மேற்பார்வையாளர் ஆனது. பேங்க் கிளை மேனேஜரைத் துறைமுகத்துக்கு அதிகாரியாகப் போட்ட மாதிரி. 2000இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம் வேறு, அந்த ஸ்வாப்களைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் தொடக் கூடாது என்று உங்கள் கையைக் கட்டிப்போட்டது. கடைசியில் பழி எல்லாம் அந்த அலுவலகத்தின் மேல் விழுந்து, 2011இல் அதையே மூடிவிட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ஆனால் யாரும் கேட்காமலே "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று பிள்ளை சொன்ன கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 71 கம்பெனிகளும் கல்லாக நின்றன என்று நீங்கள் அழுத்திச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குதிருக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

உள்ளே இருந்தது இரவல் வியாபாரம். பத்திரங்களை இரவல் கொடுக்கும் தொழில். வாசகர்களுக்காக நகைக் கணக்கில் சொல்கிறேன். உங்களிடம் ஒரு காசுமாலை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு இரவல் கேட்கிறார். மாலையின் மதிப்புக்குக் கொஞ்சம் கூடவே ரொக்கத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு கொடுக்கிறீர்கள். மாலை திரும்பி வந்ததும் ரொக்கத்தைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை அந்த ரொக்கத்தை பேங்கில் போட்டு நாலு காசு வட்டி பார்ப்பதில் தப்பே இல்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்றால், வட்டி போதாது என்று அந்த ரொக்கத்தை எடுத்து ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போட்டீர்கள். மனை விலை விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாலையைக் கொண்டுவந்து வாசலில் நிற்கிறார். மனையை வாங்க ஆளில்லை.

ஏ.ஐ.ஜி.யின் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் செய்தது அதுதான். இரவல் கொடுத்தது பாலிசிதாரர்களுக்காக வைத்திருந்த கடன் பத்திரங்களை. வாங்கிய ரொக்கத்தின் பெரும்பகுதியைப் போட்டது வீட்டுக் கடன் பத்திரங்களில். உச்சத்தில் இந்த இரவல் கணக்கு சுமார் 7,600 கோடி டாலர். செப்டம்பரில் இரவல் வாங்கியவர்கள் எல்லோரும் ஒன்றாக வாசலுக்கு வந்தார்கள். 8,500 கோடி கடன் வந்து மூன்று வாரம் ஆனதும், அக்டோபர் 8 அன்று, இந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்கென்றே ஃபெடரல் ரிசர்வ் மேலும் 3,780 கோடி டாலர் வரை கொடுக்க வேண்டி வந்தது. பிறகு மெய்டன் லேன் 2 என்று ஒரு தனி நிறுவனம் அமைத்து, அந்த வீட்டுக் கடன் பத்திரங்களைச் சுமார் 2,050 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டார்கள். அவற்றின் முகமதிப்பு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த வியாபாரத்தை நடத்தியது காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு வெளியே இருந்த இன்னொரு பிரிவுதான். ஆனாலும் பத்திரங்கள் உங்கள் மேற்பார்வையில் இருந்த கம்பெனிகளுடையவை. நெருக்கடிக்கு முன்பே நீங்கள் இதைக் கவனித்து, குறைக்கச் சொல்லி, அது 5,800 கோடி அளவுக்கு இறங்கியிருந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. நல்லது. 5,800 கோடிக்கு நெருப்பு பிடிப்பதற்கும் 7,600 கோடிக்கு நெருப்பு பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என் மனைவியிடம் விளக்க என்னால் முடியாது. வாஷிங்டன் பணம் வராமல் இருந்திருந்தால் அந்த ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளில் எத்தனை கல்லாக நின்றிருக்கும் என்பதுதான் கேள்வி. நீங்கள் அதை "இருந்தாலும் பாலிசிதாரர்களுக்கு நட்டம் வரவில்லையே" என்று தாண்டிப் போகிறீர்கள். வரவில்லைதான். யார் பணத்தால் வரவில்லை?

மதிலில் இன்னொரு வாசலும் அந்த வாரம் தெரிந்தது. திங்கட்கிழமை, லேமன் விழுந்த அதே நாள், நியூயார்க் ஆளுநர் டேவிட் பேட்டர்சன் ஓர் அறிவிப்பு செய்தார். ஏ.ஐ.ஜி.யின் காப்பீட்டுக் கம்பெனிகளில் இருக்கும் 2,000 கோடி டாலர் சொத்தைத் தாய்க் கம்பெனி பயன்படுத்திக்கொள்ள அனுமதி. பதிலுக்கு வேறு சொத்தை மாற்றிக் கொடுப்பார்கள், முழுத் தீர்வு கிடைத்தால்தான் இது நடக்கும், பாலிசிதாரருக்குப் பாதிப்பு இல்லை என்றெல்லாம் விளக்கம் வந்தது. செவ்வாய் இரவு வாஷிங்டன் பணம் வந்துவிட்டதால் அது நடக்கவும் இல்லை. நடந்திருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நியூயார்க் ஆணையராக இருந்த எரிக் டினல்லோவை நான் குறை சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அவசரத்தில் திறக்கிற வாசல் ஒன்று இருக்கும்போது அதை மதில் என்று மட்டும் சொல்லக் கூடாது.

நெருக்கடி என்று வந்தால் உங்களில் ஒவ்வொருவரும் உங்கள் மாநிலத்துக் கம்பெனியின் ஆள் ஆகிவிடுகிறீர்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை. 2009 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் கூட்டமாக வந்து, கையிருப்பு விதிகளைத் தளர்த்தச் சொன்னபோது, கான்சஸ் சிட்டியில் தலைமையகம் வைத்திருக்கும் உங்கள் தேசியச் சங்கம் மாட்டேன் என்றது. அன்று மகிழ்ந்தேன். அப்புறம் என்ன ஆயிற்று? மாநிலங்கள் தனித்தனியாக, கம்பெனி கம்பெனியாக, "அனுமதிக்கப்பட்ட நடைமுறை" என்ற பெயரில் அதே தளர்வைக் கொடுத்தன. முன்வாசலில் இல்லை என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் வழியாகப் படி அளந்த கதை. கம்பெனியும் வேலைவாய்ப்பும் உங்கள் ஊரில். பாலிசிதாரன் ஐம்பது மாநிலங்களில்.

அப்படியானால் எல்லாவற்றையும் வாஷிங்டனிடம் கொடுத்துவிடலாமா? விருப்பப்பட்ட கம்பெனி ஃபெடரல் உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்று 2006இலும் 2007இலும் செனட்டில் மசோதாவே வந்தது. கம்பெனி தன் மேற்பார்வையாளரைத் தானே பொறுக்கிக்கொள்வது எப்படி முடியும் என்பதை ஏ.ஐ.ஜி.யின் சேமிப்பு வங்கியிலேயே பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகும் பார்த்தோம். அரசின் மீட்பு நிதி வங்கிகளுக்குத்தான் என்றதும், லிங்கன் நேஷனல் என்ற காப்பீட்டுக் கம்பெனி இந்தியானாவில் நியூட்டன் கவுண்டி என்ற குட்டிச் சேமிப்பு வங்கியை வாங்கியது. ஹார்ட்ஃபோர்ட் என்ற இன்னொரு காப்பீட்டுக் கம்பெனி ஃபுளோரிடாவில் ஒன்றை வாங்கியது. 2009இல் லிங்கனுக்கு 95 கோடி டாலர், ஹார்ட்ஃபோர்டுக்கு 340 கோடி டாலர் கிடைத்தது. இரண்டும் வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டன, சரி. பெட்டிக்கடையை வாங்கிக்கொண்டு மளிகைச் சங்கத்தில் உறுப்பினர் ஆகிற வித்தை அது. வாஷிங்டன் கதவைத் திறந்துவிட்டது.

2010இன் டாட்–ஃபிராங்க் சட்டம் நிதியமைச்சகத்துக்குள் ஒரு ஃபெடரல் காப்பீட்டு அலுவலகத்தை வைத்தது. அறிக்கை எழுதலாம், விவரம் கேட்கலாம், ஒரு கம்பெனியையும் அதட்ட முடியாது. ஆபத்தான பெரிய நிறுவனங்கள் என்று ஏ.ஐ.ஜி., புரூடென்ஷியல், மெட்லைஃப் மூன்றையும் பட்டியலில் சேர்த்தார்கள். மெட்லைஃப் 2016இல் கோர்ட்டில் ஜெயித்து வெளியே வந்தது. 2018 முடிவதற்குள் மற்ற இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆக, சுற்றிச் சுற்றி வந்து என் பாலிசிக்கு இப்போதும் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் தெரியும். இரவல் வியாபாரத்தைக் கணக்கில் காட்டும் விதிகளை இறுக்கினீர்கள். 2020இல் குழுமம் முழுவதற்கும் மூலதனக் கணக்கு, ரொக்க நெருக்கடிச் சோதனை என்று மாதிரிச் சட்டத்தைத் திருத்தினீர்கள். இதற்குள் ஆபத்து வேறு இடத்துக்குக் குடி போய்விட்டது. ஒரு கம்பெனி தன் பொறுப்பைத் தன்னுடைய இன்னொரு கம்பெனிக்கே மறுகாப்பீடு என்று தள்ளிவிடுகிறது. வெர்மான்ட் போன்ற இடத்தில் இருக்கும் அந்தக் குட்டிக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் பொதுமக்களுக்குக் கிடையாது. 2013இல் நியூயார்க் மேற்பார்வையாளர் பெஞ்சமின் லாஸ்கி தன் மாநிலக் கம்பெனிகளில் மட்டும் இப்படி 4,800 கோடி டாலர் இருப்பதாகக் கண்டு, இதற்கு நிழல் காப்பீடு என்று பெயர் வைத்தார். நாடு முழுக்க இதை நிறுத்தி வைப்போம் என்று கூப்பிட்டார். உங்களில் பெரும்பாலோர் வரவில்லை. இன்று பெர்முடா தீவுக்குப் போகும் மறுகாப்பீடும், அப்பல்லோ, கே.கே.ஆர். போன்ற முதலீட்டு நிறுவனங்கள் சொந்தமாக்கிக்கொண்ட ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளும் சேர்ந்து, கணக்குப் படிக்கத் தெரிந்தவனுக்கே தலை சுற்றுகிறது.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்பதற்குக் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே 1851இல் குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கு மட்டும் ஆயுள் காப்பீடு என்று தொடங்கிய கம்பெனி பிற்பாடு ஃபீனிக்ஸ் ஆனது. (அந்த விதி இன்று இருந்தால் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பாதிப் பேருக்கு பாலிசி கிடைக்காது.) அதன் வழிவந்து, நொடித்துப்போன பி.எச்.எல். வேரியபிள் கம்பெனியை 2024 மே மாதம் கனெக்டிகட் நீதிமன்றம் ஆணையரின் கையில் ஒப்படைத்தது. அடுத்து வந்த உத்தரவில் மரணப் பலனுக்கு 3 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு. பத்து லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் பாலிசி எடுத்து வருடக்கணக்காகக் கட்டியவர்கள் அன்றுதான் "உத்தரவாத நிதி" என்ற சொல்லை முதல் முறை கேட்டிருப்பார்கள். பல மாநிலங்களில் அதன் வரம்பு 3 லட்சம், சிலவற்றில் 5 லட்சம். பெரும்பாலும் அந்த நிதியில் முன்கூட்டிப் பணமும் இருக்காது. ஒரு கம்பெனி மூழ்கிய பிறகு மற்ற கம்பெனிகளிடம் வசூலிப்பார்கள். ஒன்று மூழ்கினால் சமாளிக்கலாம். 2008 மாதிரி ஒரு வருடத்தில் வசூலிக்கப் போனால், கொடுக்க வேண்டியவர்களும் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பார்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. குட்டிக் கம்பெனிகளுக்கும் பெர்முடாவுக்கும் தள்ளிய பொறுப்பு எவ்வளவு, அதற்கு ஈடாக அங்கே என்ன இருக்கிறது என்பதைக் கம்பெனிவாரியாக வருடத்துக்கு ஒரு முறை வெளியிடுங்கள். ஒரு குழுமத்துக்கு ஒரு தலைமை மாநிலம் என்று நீங்களே ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள். அந்த மாநிலம் "நில்" என்றால் மற்ற மாநிலங்களிலும் நிற்க வேண்டும் என்று சட்டம் போடுங்கள். விதி தளர்த்துகிறவர் யாராக இருந்தாலும், எந்தக் கம்பெனிக்கு, எதற்காக என்று தளர்த்திய அன்றே சொல்லட்டும். அப்புறம், ஏஜென்ட்டின் வாய்ப்பூட்டைக் கழற்றுங்கள். வங்கிக்காரன் வாசலில் ஒட்டுகிறான், நீங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும்: இந்தக் கம்பெனி மூழ்கினால் இந்த மாநிலத்தில் உனக்கு இவ்வளவு கிடைக்கும், அதற்கு மேல் இல்லை.

என் இருபது வருட பாலிசி 2026இல் முடிகிறது. நான் சாகவில்லை, கம்பெனியும் சாகவில்லை. கட்டிய பணம் போனது போனதுதான், அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மகள் போன மாதம் முதல் வேலையில் சேர்ந்தாள். அலுவலகத்தில் கொடுத்த காகிதக் கட்டில் ஆயுள் காப்பீட்டுப் படிவம் ஒன்று இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு "அப்பா, இந்தக் கம்பெனி பரவாயில்லையா?" என்று கேட்டாள். படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். உங்கள் பெயர், உங்கள் அலுவலகத்தின் பெயர், உத்தரவாத நிதியின் பெயர், எதுவும் அதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வாங்கி, அந்த நீல டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரன்,
எடிசன், நியூ ஜெர்சி